போன வருஷத்து மாடலும் என் முகமும்

பழைய மாடல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இன்டர்வியூ கொடுத்தால், எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு என் முகமும் பழசாகத் தெரியும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனசார நம்பினேன். புது மாடலில் ஐந்து வயது குறைந்து தெரிவேன், தள்ளுபடியில் விற்கிற மாடலில் நானும் தள்ளுபடியில் போகிற ஆள் மாதிரித் தெரிவேன் என்று ஒரு கணக்கு. இப்படி நம்பியவன் காட்டிலிருந்து நேற்று இறங்கி வந்தவன் இல்லை. பெங்களூர் வைட்ஃபீல்டில் இருபத்து நாலு வருஷம் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைத்தவன். சொந்தத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

அந்த இருபத்து நாலு வருஷத்தில் எனக்கென்று ஒரு லேப்டாப் நான் வாங்கியதே இல்லை. இது என் பரம ரகசியம். கம்பெனி கொடுக்கும், நாலு வருஷம் ஆனால் வாங்கிக்கொண்டு வேறு கொடுக்கும். திறந்தால் வேலை செய்யும். செய்யாவிட்டால் மூன்றாவது மாடியில் ஒரு ஆள் இருப்பார், அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு காபி குடித்துவிட்டு வந்தால் வேலை செய்யும். அதற்குள் என்ன இருக்கிறது, எந்தக் கடையில் விற்கிறது, விலை என்ன, எதைப் பற்றியும் நான் கவலைப்பட்டதில்லை.

போன வருஷம் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு 'ரீஸ்ட்ரக்சரிங்' என்ற சொல்லைப் பதினோரு தடவை சொன்னார்கள். நான் எண்ணினேன். அந்த அறையில் எனக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. லேப்டாப், சார்ஜர், பை, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். ஜோகுபாளையத்தில் வீட்டு வாசலில் கேப் நின்றபோது கையில் டிபன் டப்பா மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் ஆசாமி வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. மகள் மைசூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள், அவளுடைய லேப்டாப்பும் அவளோடு ஹாஸ்டலில் இருக்கிறது.

அதற்கப்புறம் ஏழு மாதம். இன்டர்வியூக்கள் வந்தன, வரவில்லை என்று சொன்னால் பொய். முதல் சுற்று போனில் பேச்சு மட்டும். அதில் நான் சிங்கம். "வாவ் சார், எக்ஸலன்ட் சார்" என்பார்கள். அடுத்த சுற்று வீடியோ. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்காருவேன். ரெண்டு நாளில் ஒரு மெயில் வரும். "உங்கள் அனுபவம் எங்கள் தேவைக்கு அதிகமாக இருக்கிறது." மூன்று கம்பெனி, மூன்று மெயில், அதே வாக்கியம். குரல் கேட்டவரை வேலை உண்டு, முகம் பார்த்ததும் இல்லை. ஐம்பத்தோரு வயது முகம். வேறு என்ன முடிவுக்குத்தான் வருவது?

என் மனைவி வேறு முடிவுக்கு வந்திருந்தாள். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் இருபது வருஷமாக ஃபைல் பார்க்கிறவள், எதையும் நேராகச் சொல்லிவிடுவாள்.

"போனைக் கீழ வெச்சா உங்க மூக்கு துவாரமும் மேல சுத்துற ஃபேனும்தான் தெரியுது. அதைப் பாத்து யாரு வேலை குடுப்பாங்க?"

நான் இதை ஒரு கருத்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நாலாவது அழைப்பு வந்தது. தொழிற்சாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் செய்கிற கம்பெனி. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யார் எந்த ஷிப்ட் என்று பார்க்கிற சாமான். நான் வாழ்நாளெல்லாம் செய்தது அதுதான். ரெண்டு சுற்று பேச்சிலேயே முடிந்தது. கடைசிச் சுற்று சனிக்கிழமை காலை பதினோரு மணி. மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: லேப்டாப் அவசியம், ஸ்க்ரீனைப் பகிர்ந்து வேலை செய்து காட்ட வேண்டும், கேமரா ஆனில் இருக்க வேண்டும்.

இது போனால் அடுத்தது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வருமா என்றே தெரியாது. வீடு அவள் சம்பளத்தில் ஓடியது, அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான், காலையில் அவள் டப்பா கட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று டாட்டா காட்டுகிற உத்தியோகம் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமைக்கு நாலு நாள். லேப்டாப் வாங்க வேண்டும்.

இருபத்து நாலு வருஷம் சாஃப்ட்வேரில் இருந்தவன் எதையும் போய் வாங்கிவிட மாட்டான். முதலில் ஒரு ஷீட் போடுவான். கம்ப்யூட்டர் இல்லாததால் கம்ப்யூட்டர் வாங்குவதற்கான ஷீட்டைப் போனில் கட்டைவிரலால் போட்டேன். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு கடையில் ரெண்டு மாடல்களைப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று இந்த வருஷம் வந்தது. வெள்ளி நிறம், அப்பளம் மாதிரி மெலிசு. இன்னொன்று போன வருஷத்துக்கும் முந்தினது, கறுப்பு, கனம், 'கடைசி ரெண்டு பீஸ்' என்று ஒரு ஸ்டிக்கர், ஏறக்குறைய பாதி விலை. வேகம், பேட்டரி, எடை, விலை என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டேன். பழசு ஜெயித்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எடைக்குரிய மார்க்கை ஏற்றினேன், அப்போதும் பழசு. விலையின் மார்க்கை இறக்கினேன், அப்போதும் பழசு. கடைசியில் 'முகம்' என்று புதிதாக ஒரு வரிசை சேர்த்து, அதற்கு மட்டும் நாற்பது மார்க் வைத்தேன். புதுசு ஜெயித்தது.

"இருபத்து நாலு வருஷம் கம்ப்யூட்டர்லயே உக்காந்த மனுஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கத் தெரியலையா?" என்றாள் மனைவி.

"இருபத்து நாலு வருஷம் ஓட்டல்ல சாப்பிட்டவனுக்கு அடுப்பு வாங்கத் தெரியுமா?" என்றேன்.

"ஓட்டல்ல சாப்பிட்டவன் ஊருக்கெல்லாம் சமையல் சொல்லித் தரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

அவள் தம்பி பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறான். ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வியாழக்கிழமை அவனுக்கு வார விடுமுறை. ஸ்கூட்டரோடு வந்து நின்றான். பத்து வருஷத்தில் என் ஆலோசனைப்படி மூன்று லேப்டாப் வாங்கியவன், தனக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ரெண்டு. கேள்விப்பட்டதிலிருந்தே அவன் முகத்தில் ஒரு பெரிய சந்தோஷம்.

"மாமா, நான் மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'மச்சான், புதுசு பக்கமே போகாத. போன வருஷ மாடல் எடு. வேலை அதேதான், விலை பாதி. புதுசு வாங்கறவன் எல்லாம் ஷோ காட்டறதுக்கு வாங்கறான்.' நீங்க சொன்னதுதானே?"

"அது உனக்கு."

"ஓஹோ. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. சக்கத் மாமா." பெங்களூரில் பிறந்த பிள்ளை, பிரமாதம் என்று சொல்ல அவனுக்கு அந்தக் கன்னடச் சொல்தான் வரும். பிரமாதம் இல்லாததற்கும் அதுவேதான் வரும்.

கடையில் விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். "நோடி சார், எரடூ ஒள்ளேதே" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவள், நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டுவிட்டு அப்படியே தமிழுக்குத் தாவினாள். "ரெண்டும் நல்ல பீஸ்தான் சார். என்ன வேலைக்கு?"

இன்டர்வியூவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "வீட்ல கொஞ்சம் ஆபீஸ் வேலை" என்றேன்.

"வீடியோ கால் நிறைய இருக்குமா?"

"அதுதான்மா முக்கியம். கேமரா எப்படி? ரெண்டுலயும் கொஞ்சம் போட்டுக் காட்டறியா?"

அவள் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டிலும் கேமராவைப் போட்டாள். நான் குனிந்து முதலில் புதுசைப் பார்த்தேன்.

அந்த மாதிரி ஒரு கொடுமையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவ்வளவு துல்லியம். கண்ணுக்குக் கீழே இருக்கிற பை தனித் தனியாகத் தெரிந்தது. நெற்றியில் இருக்கிற கோடுகளை வைத்து ஒரு நோட்டுப் புத்தகம் கட்டலாம். மூக்கின் நுனியில் ஒரு மயிர் எனக்கே தெரியாமல் குடியேறியிருந்தது. காலையில்தான் தலைக்கு மை போட்டிருந்தேன், காதோரம் எங்கே போடாமல் விட்டேன் என்பதைக்கூட அந்தக் கேமரா சுட்டிக் காட்டியது.

மெதுவாகப் பழசின் பக்கம் நகர்ந்தேன்.

அங்கே ஒரு அழகான ஆள் இருந்தான். கொஞ்சம் மங்கல், கொஞ்சம் மஞ்சள், எல்லாம் ஒன்றாகக் கலந்து வழவழவென்று. கோடு இல்லை, பை இல்லை. மயிர் இருக்கிற இடம் தெரியவில்லை. நாற்பத்திரண்டு, மிஞ்சினால் நாற்பத்து மூன்று.

மறுபடியும் புதுசு. மறுபடியும் பழசு. இப்படி அஞ்சாறு தடவை குனிந்து நிமிர்ந்ததில் அந்தப் பெண்ணுக்கு என்னமோ போல ஆகிவிட்டது.

"சார், புதுசுல க்ளாரிட்டி ரொம்ப ஜாஸ்தி சார்" என்றாள், என்னை அந்தப் பக்கம் இழுக்க.

"தெரியுதும்மா" என்றேன். "அதான் பிரச்சினை."

மச்சான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "மாமா, பழசுல நானே நல்லா இருக்கேன்."

அந்த நிமிஷம் என் ஷீட், நாற்பது மார்க், ஏழு மாதத் தத்துவம் எல்லாம் தலைகீழாகப் புரண்டன. முகம் முக்கியம் என்பதில் மாற்றம் இல்லை. முகத்தை எது காப்பாற்றும் என்பதில்தான் மாற்றம். போன வருஷத்துக்கு முந்தின மாடலே என்னைக் காப்பாற்றும் மாடல்.

"இதையே குடுத்துடும்மா" என்று கறுப்பைத் தட்டினேன். கடைசி ரெண்டு பீஸில் ஒன்று என்னோடு வந்தது. ஸ்கூட்டரை நான் ஓட்ட, மச்சான் பின்னால் உட்கார்ந்து என் முதுகிலிருந்த பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "என் மாமா எனக்குச் சொன்ன புத்திமதியத் தானும் கேட்டுட்டாரு" என்று சிக்னலில் நிற்கிற ஆட்டோக்காரர் வரைக்கும் சொன்னான். நான் திருத்தவில்லை. ஒரு மனுஷன் சரியான காரியத்தைத் தப்பான காரணத்துக்காகச் செய்தால், அந்தக் காரணத்தை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அதைத் தயார்ப்படுத்தினேன். மூன்றாவது மாடி ஆள் இல்லாமல் ஒரு லேப்டாப்பை நானே முதன்முதலாகத் தயார் செய்தேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சாயந்திரம் மைசூருக்கு வீடியோ போட்டு மகளிடம் முகத்தைக் காட்டினேன்.

"அப்பா, ஏதோ மாதிரி நல்லா இருக்கீங்களே. ஃபில்டர் போட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. போன வருஷ மாடல்."

"யாரு?"

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை. மனைவிக்கு இரண்டாவது சனிக்கிழமை லீவு. காலை பத்து மணிக்குக் குளித்து, நெற்றியில் விபூதி, இஸ்திரி போட்ட நீலச் சட்டை. எங்கள் வீட்டில் எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் முதல் வேலை வாங்குவதில்லை; நேற்று நடந்தது ஒத்திகை, கணக்கில் சேராது. ஃப்ரிட்ஜுக்கு வைத்திருக்கிறோம், வாஷிங் மெஷினுக்கு வைத்திருக்கிறோம், மகளின் ஸ்கூட்டிக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. கம்பெனியில் ஆயுத பூஜை அன்றைக்கு வரிசையாக அத்தனை கம்ப்யூட்டருக்கும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அங்கே வைக்கிற வேலை ஹவுஸ்கீப்பிங் அம்மாவுடையது. இங்கே நானே வைக்க வேண்டும். அதுவும் இன்றைக்கு, இன்னும் ஒரு மணி நேரத்தில் என் பிழைப்பு முடிவாகப் போகிற நாளில், சும்மா ஒரு பொட்டு வைத்தால் போதுமா? கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். எலுமிச்சம்பழம் ரெண்டு கொண்டுவந்தேன். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம். லேப்டாப்புக்குச் சக்கரம் கிடையாது என்பதால் ரெண்டு பக்கமும் காவலுக்கு வைத்தேன்.

விரலில் சந்தனத்தை எடுத்து ஸ்க்ரீனின் நட்டநடுவே கொண்டுபோனேன்.

"ஐயோ, ஸ்க்ரீன் நடுவுல வைக்காதீங்க, எழுத்து மறைக்கும்" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

நியாயம். விரலை அப்படியே மேலே கொண்டுபோய், ஸ்க்ரீனுக்கு மேல் இருக்கிற கறுப்பு விளிம்பில், சரியாக நடுவில், காலணா அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ரெண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கிற எந்தக் குழந்தைக்கும் தெரியும், மேல் விளிம்பின் நடுவில் என்ன இருக்கும் என்று. புது மாடலில் அது ஒரு பித்தான் மாதிரித் துருத்திக்கொண்டு இருந்தது. நான் வாங்கியதில் கறுப்புக்குள் கறுப்பாக ஒரு கடுகளவு. கண்ணாடியை வேறு கழற்றி வைத்திருந்தேன். இருபத்து நாலு வருஷம். நீங்கள் எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பதினோரு மணி. எதிர்ப்பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்தான் தலைவி, முப்பது வயது இருக்கலாம். ரெண்டு பக்கமும் ரெண்டு இளைஞர்கள். மூவர் முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. நான் என் நாற்பத்திரண்டு வயதுப் புன்னகையை எடுத்து மாட்டினேன்.

"குட் மார்னிங் சார். உங்க வீடியோ சரியா வரலையே?"

மூலையில் என் முகம் வர வேண்டிய சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக ஒரு இருட்டு. நடுவில் லேசாக ஒரு வெளிச்சம், தொலைவில் எங்கோ எரிகிற வீடு மாதிரி.

"உங்க பக்கம் சூரியன் மறையுதா சார்?" என்றான் இடது பக்கத்து இளைஞன்.

காலை பதினோரு மணிக்கு. நான் சிரித்தேன். சிரித்தது யாருக்கும் தெரியவில்லை. கேமராவை அணைத்துப் போட்டேன். சிவப்பு. செட்டிங்ஸுக்குள் போய் வெளிச்சத்தை ஏற்றினேன். நல்ல சிவப்பு. ஜன்னல் திரையை இழுத்தேன். இளஞ்சிவப்பு. தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கேமரா ஆனில் இருக்க வேண்டும். பாதி விலை என்றபோதே யோசித்திருக்க வேண்டாமா? கடைசி ரெண்டு பீஸ் ஏன் கடைசி ரெண்டு பீஸாக இருந்தது? ஏன் யாரும் வாங்கவில்லை?

"மன்னிக்கணும் மேடம்" என்றேன். "லேப்டாப் கொஞ்சம் பழைய மாடல்." இன்டர்வியூவில் சொல்லக் கூடாதது என்று ஏழு மாதமாக எதைத் தொண்டைக்குள் வைத்திருந்தேனோ, அதே 'பழைய'வை நானே எடுத்து நீட்டினேன்.

"என்ன மாடல் சார்?"

சொன்னேன்.

"எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அதுதான் சார். கேமரா நல்லாத்தானே இருக்கும்?"

ரெண்டு எலுமிச்சம்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். காவலுக்கு வைத்த பயல்கள்.

"பரவால்ல சார், நேரம் போகுது" என்றார் அந்தப் பெண். "கேமராவ ஆஃப் பண்ணிடுங்க. ஆள் சரிபார்க்கறத ஹெச்.ஆர். நேர்ல பாத்துக்குவாங்க. ஸ்க்ரீனைக் காட்டுங்க, போதும். ஒரு ஃபைல் அனுப்பறேன். இது உண்மையா நடக்கறது. மூணு வாரமா எங்க டீம் இதைத்தான் பாத்துட்டிருக்கு."

ஒரு தொழிற்சாலையின் வருகைப்பதிவு. பெயர்களை மறைத்திருந்தார்கள். மாதத்தின் கடைசி நாள் வந்தால் போதும், நைட் ஷிப்டில் நாற்பது பேர் 'வரவில்லை' என்று விழுகிறார்கள். அவர்கள் வந்திருக்கிறார்கள், வேலையும் செய்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் இந்தப் பிரச்சினை இல்லை.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினேன். இரவு ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு உள்ளே வந்தவர், ஒன்பது நாற்பத்தாறுக்கு உள்ளே வந்தவர். வரிசையாக உள்ளே. வெளியே என்ற இடம் காலி.

"மாசத்தை எத்தனை மணிக்கு மேடம் மூடறீங்க?"

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு. எல்லாரையும் போலத்தான்."

"பன்னெண்டு மணிக்கு இவங்க எங்க இருப்பாங்க?"

பதிலையும் நானே சொன்னேன்.

"மெஷின் முன்னாடி நிப்பாங்க. ஒம்பதே முக்காலுக்கு உள்ள வந்தாச்சு, ஷிப்ட் முடிஞ்சு வெளிய போக காலைல ஆறு மணி ஆகும். மத்த நாள்ல அந்த நேரம் அதே மாசத்துல விழுந்துடும், கடைசி நாள்ல நீங்க பன்னெண்டுக்கே மாசத்த மூடிட்டீங்க. வெளிய போன நேரம் இல்லாததால, வந்ததே கணக்கில்ல. உள்ள நிக்கறவன வரலைன்னு எழுதறீங்க."

வலது பக்கத்து இளைஞன் விடவில்லை. கெட்டிக்காரன். "சார், அதை நாங்களும் யோசிச்சோம். ஆனா நைட் ஷிப்ட்ல நூத்துச் சொச்சம் பேர் இருக்காங்க. நாப்பது பேர் மட்டும் ஏன்? மத்தவங்க எப்படி வந்தாங்க?"

நல்ல கேள்வி. மறுபடியும் பட்டியலுக்குள் போனேன். தப்பித்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். பதினொன்று நாற்பதுக்கு வெளியே, பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வெளியே, ஐம்பத்திரண்டுக்கு உள்ளே. அத்தனை பேரும் அப்படியே.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். முகம் தெரிந்திருந்தால் சிரித்திருப்பேனா என்று தெரியவில்லை.

"டீ" என்றேன்.

"சார்?"

"டீ குடிக்க கேட்டுக்கு வெளிய போயிருக்காங்க. போன நேரம் பதிவாயிடுச்சு. ஒரு தடவை உள்ள, ஒரு தடவை வெளிய, ஜோடி சரியா இருக்கு, அதனால 'வந்தார்'. இந்த நாப்பது பேர் டீ குடிக்கப் போகல, வேலைய விட்டு நகரல. அவங்களைத்தான் உங்க சாஃப்ட்வேர் வரலைன்னு சொல்லுது."

மூவரும் அந்தப் பட்டியலைத் தங்கள் ஸ்க்ரீனில் தேட ஆரம்பித்தார்கள். பிறகு இடது பக்கத்து இளைஞன், சூரியன் மறையுதா என்று கேட்டானே அவன், "தேவுடா" என்றான், கடவுளைத் தெலுங்கில் கூப்பிட்டு.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க ஆளில்லை. மாதத்தைக் கடிகாரம் மூடக் கூடாது, ஷிப்ட்தான் மூட வேண்டும் என்று சொல்லி, எங்கே எந்த வரியை மாற்ற வேண்டும் என்று ஸ்க்ரீனிலேயே எழுதிக் காட்டினேன். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். நாற்பதும் பூஜ்யமானது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தேன், காலை நாற்காலி மேலேயே மடக்கி வைத்திருந்தேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று ஒரு நைட் ஷிப்ட் ஃபோர்மேனிடம் வாங்கிய திட்டு முதல் சுவாரசியமாக எல்லாக் கதையையும் சொன்னேன். கேட்டார்கள். மேலும் கேட்டார்கள். முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்த இன்டர்வியூ ஒன்றே கால் மணி நேரம் போனது. கடைசியில் அந்தப் பெண், "சார், நாங்க திங்கக்கிழமையே இதைப் போட்டுப் பாக்கறோம்" என்று சொல்லி விடைபெற்றார்.

முடிந்ததும் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அடுக்களையில் இருந்ததாகச் சொன்னாள். கையில் கரண்டி இல்லை.

"என்னவோ டீ டீன்னு கத்தினீங்க. நான் போட்டுட்டேன்."

"டீயை விடு. கேமரா செத்துப்போச்சு. பழைய மாடல் வாங்கினது தப்பு. இன்னைக்கே கடைக்கு எடுத்துட்டுப் போறேன். அந்தப் பொண்ணை நாலு கேள்வி கேக்கறேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். புடவைத் தலைப்பின் நுனியை நாக்கில் தொட்டு, மேல் விளிம்பை ஒரு துடை துடைத்தாள். கட்டத்தில் என் முகம் வந்தது. சட்டைக் கை சுருண்டு, கண்ணாடி நெற்றியில், வாய் திறந்தபடி.

"நடுவுல வைக்காதீங்கன்னுதான் சொன்னேன்" என்றாள். "கண்ணுல வைங்கன்னா சொன்னேன்?"

அப்புறம் அவளால் நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். தம்பிக்குப் போன் போட்டு, பேச முடியாமல் சிரித்தாள். ஸ்பீக்கரில் பொம்மனஹள்ளியும் சேர்ந்து சிரித்தது. "மாமா, புது மாடல் வாங்கியிருந்தா கேமரா பெருசா இருந்திருக்கும், இன்னும் பெரிய பொட்டா வெச்சிருப்பீங்க." நான் டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். திங்கட்கிழமை அந்த மாற்றத்தைப் போட்டு, போன மாதப் பட்டியலைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்களாம். நாற்பது பேரும் 'வந்தார்' என்று வந்திருக்கிறார்கள். எப்போது சேர முடியும் என்று கேட்டார். மனைவி அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்திருந்தாள், எதிரே நின்று ரெண்டு விரலைக் காட்டி, ரெண்டு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"நாளைக்கே" என்றேன்.

"ஒண்ணாம் தேதி வந்தா போதும் சார்."

ஒன்றாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு வேலையில் சேர்ந்தேன்.